கைராசியா, விதை ராசியா?

கல்யாண வீடுகளில் இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது, நீங்களும் கவனித்திருப்பீர்கள். தாம்பூலப் பையைத் திறந்தால் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் இவற்றோடுகூட ஒரு சின்னப் பொட்டலமும் இருக்கிறது. "மணமக்களின் நினைவாக ஒரு மரம் வளருங்கள்" என்று அச்சடித்த காகிதத்துக்குள்ளே நாலைந்து விதைகள்! சில வீடுகளில் மண்ணும் சாணமும் பிசைந்து உருட்டிய விதைப் பந்து. நல்ல பழக்கந்தான், சந்தேகமே இல்லை. எத்தனை நாளைக்குத்தான் பிளாஸ்டிக் டப்பாவும் எவர்சில்வர் கிண்ணமும் சேர்த்துக்கொண்டே இருப்பது?

ஆனால், வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பொட்டலத்தின் கதி என்ன? தேங்காய் மறுநாளே சட்னியாகி விடுகிறது. வெற்றிலை வாடிப் போகிறது. விதையை மட்டும், "நல்ல நாள் பார்த்து ஊன்றலாம், ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாம்" என்று பத்திரமாக எடுத்து வைக்கிறோம். பத்திரப்படுத்துவதில் பெண்களாகிய நம்மை யார் மிஞ்ச முடியும்? வற்றலா, வடகமா, பழைய ஜரிகையா, பேரன் முதலில் போட்ட சட்டையா, எதுவும் நம் கையில் வீணாவதில்லை. ஆறு மாதம் கழித்து ஞாபகம் வருகிறது. தொட்டியில் ஊன்றி, தினமும் தண்ணீர் தெளித்து, காலையும் மாலையும் குனிந்து குனிந்து பார்க்கிறோம். ஊஹூம்! ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை.

உடனே வீட்டில் ஒரு குரல் எழும்புகிறது: "உன் கைக்கு ராசி இல்லை!" பல வீடுகளில் அந்தக் குரல் வெளியிலிருந்துகூட வர வேண்டியதில்லை, நாமே நமக்குச் சொல்லிக் கொண்டு விடுகிறோம். இந்தக் கைராசி சமாசாரத்தைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விதை என்பது என்ன? கட்டுச்சோற்று மூட்டையோடு பிரயாணம் கிளம்பிய குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்களேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு வேர், ஒரு தண்டு, ஓர் இலைக் கொழுந்து. பக்கத்திலேயே அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு. மேலே ஒரு சட்டை. எந்த ஊரில் இறங்குவது, எப்போது இறங்குவது என்பதுதான் அந்தக் குழந்தையின் முன்னால் இருக்கும் கேள்வி. எல்லா விதைகளும் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்வதில்லை. இது தெரியாததால்தான் எத்தனையோ நல்ல கைகளுக்குக் கெட்ட பெயர் வந்து சேர்கிறது!

இங்கிலாந்தில் ரெடிங் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஈ. எச். ராபர்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1973-ல் விதைகளை இரண்டு ஜாதியாகப் பிரித்துப் பெயர் வைத்தார். ஒன்றுக்கு 'ஆர்த்தடாக்ஸ்' விதை என்று பெயர். நம் பாஷையில் சொன்னால் ஆசார விதை. சொன்ன சொல்லைக் கேட்டு, வைத்த இடத்தில் இருக்கும். மற்றொன்றுக்கு 'ரிகால்சிட்ரன்ட்' என்று பெயர். அதை எப்படித் தமிழ்ப்படுத்துவது என்று யோசித்துப் பார்த்தேன். அடங்காப்பிடாரி என்பதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை!

முதலில் ஆசார விதைகளைப் பார்ப்போம். புளி, கொன்றை, வாகை, மஞ்சாடி இவையெல்லாம் இந்த வகை. மரத்திலேயே நெற்றுக்குள் நன்றாகக் காய்ந்து, ஈரமெல்லாம் வற்றி, தூங்கிப் போய்விடுகின்றன. மேல் தோல் கல்லுமாதிரி, தண்ணீர் புகாது. அதனால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பொறுத்திருக்கும். எத்தனை வருஷம் என்கிறீர்களா? கேளுங்கள்.

சீன தேசத்தில் 1793-ல் சேகரித்த ஒரு மரத்தின் விதைகள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் தாவரச் சேகரிப்பில் இருந்தன. நம் ஊர் வாகைக்குச் சகோதரி முறையாக வேண்டிய மரம் அது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1940-ல், அந்தக் கட்டிடத்தின்மேல் குண்டு விழுந்து தீப்பற்றிக் கொண்டது. தீயை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரில் அந்த விதைகளும் நனைந்தன. பிறகு பார்த்தால், அவற்றில் சில முளை விட்டிருந்தனவாம்! நூற்று நாற்பத்தேழு வருஷத் தூக்கம்! நெருப்பும் நீரும் சேர்ந்து எழுப்பின பிறகு கண்ணைத் திறந்து பார்த்திருக்கின்றன. எதிரே என்ன? யுத்தம்! பாவம்.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் பல்லாங்குழிப் பலகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். குழிகளில் போட்டு ஆடிய சிவப்பு மஞ்சாடி விதைகள் ஒன்றிரண்டு இருக்கலாம். முழுக்கச் சிவப்பாய் இருப்பது மஞ்சாடி; கறுப்புக் கண் வைத்திருப்பது குன்றிமணி. குன்றிமணி கொடிய விஷம்; வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதை வெளியே வைக்கவே வைக்காதீர்கள். அந்த மஞ்சாடி விதையின் ஓர் ஓரத்தைக் கருங்கல்லிலோ சிமெண்டுத் தரையிலோ உரசி, உள்ளே இருக்கும் வெளிர் நிறம் லேசாகத் தெரிந்ததும் நிறுத்தி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள். பாட்டி தொட்ட விதை பேத்தியின் தொட்டியில் தலை தூக்கினாலும் தூக்கலாம்.

கொன்றைக்கும் அதே வைத்தியந்தான். வாகை போன்றவற்றுக்கு வெந்நீர் போதும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு, அப்படியே ஆற விட்டு, மறுநாள் காலை வரையில் ஊற விட வேண்டும். ஊறிப் பருத்த விதை முளைக்கத் தயார் என்று அர்த்தம். அடுப்பில் வைத்தபடியே கொதிக்க விட்டு விடாதீர்கள்; பிறகு அது விதை அல்ல, சுண்டல்!

தேக்கு இன்னும் பிடிவாதக்காரி. அதன் கொட்டையை ராத்திரி நனைத்து, பகலில் வெயிலில் காய வைத்து, மறுபடி நனைத்து, மறுபடி காய வைத்து, இப்படி ஒரு வாரம் பத்து நாள் சீராட்டினால்தான் மனம் இளகும். மலபார் கலெக்டர் கனோலி 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முனைந்தபோது, முதலில் விதையை முளைக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரிதான் அந்த வேலையை முன்னின்று நடத்தித் தோட்டத்தை உண்டாக்கினார். 1846-ல் வைத்த மரங்களில் சில இன்றும் அங்கே வானத்தைத் தொட்டுக் கொண்டு நிற்கின்றன. ஆட்சி நடத்தத் தெரிந்தவருக்கும் ஒரு கொட்டை முதலில் மசியவில்லை, பாருங்கள்!

இப்போது அடங்காப்பிடாரிகளிடம் வருவோம். மா, பலா, நாவல், இலுப்பை ஆகியவை இந்தக் கூட்டம். வட நாட்டுக் காடுகளில் மலிந்திருக்கும் சால் மரமும் இந்த இனந்தான். இவை தாய் மரத்தை விட்டுப் பிரியும்போதே ஈரமும் உயிர்த்துடிப்புமாக இருக்கின்றன. தூங்குவது என்ற பேச்சே இல்லை. விழுந்த கணத்திலிருந்தே முளைக்கிற வேலையில் இறங்கி விடுகின்றன. பலாப் பழத்துக்குள்ளேயே சுளைக் கொட்டை முளை விட்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சால் விதை பருவ மழை தொடங்கும் சமயத்தில் உதிரும். உதிர்ந்து ஒரு வாரம் வரையில்தான் அதற்கு உயிர். அதற்குள் மழை பெய்து மண் நனைந்தால் பிழைத்தது. மழை தாமதித்தால் அந்த வருஷத்துக் குழந்தைகள் அத்தனையும் போயிற்று.

ஏன் இத்தனை அவசரம்? இவையெல்லாம் மழைக் காலத்தை நம்பிப் பிறக்கிறவை. ஈரம் இருக்கும்போதே வேரை இறக்கி விட வேண்டும் என்பது அவற்றின் கணக்கு. வெயிலில் காய வைத்தால் செத்துப் போகும். காற்றுப் புகாமல் ஜாடியில் அடைத்தால் மூச்சுத் திணறிப் போகும். ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர் தாங்காமல் போகும். ஆசார விதைக்கு எதெல்லாம் பாதுகாப்போ, அதெல்லாம் இதற்கு எமன்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் அத்தையின் கதை ஒன்று இருக்கிறது.

அத்தை என் தகப்பனாரின் அக்காள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டுக்கே வந்து விட்டவள். அந்த வீட்டில் அவள் கை படாத பண்டம் கிடையாது. ஊறுகாய் அவள் போட்டால்தான் ஊறுகாய். அவரை, புடல், கத்தரி விதைகளையெல்லாம் கழுவி, உலர்த்தி, சாம்பலில் புரட்டி, ஜாடியில் கட்டி வைப்பாள். ஊரே வந்து வாங்கிப் போகும். ஆனால் கல்யாணம் வந்தால் மட்டும், முதல் நாள் இரவு பாலிகைத் தானியத்தைப் பொறுக்கி, கழுவி, ஊறப் போடுகிற வரையில்தான் அத்தைக்கு அதிகாரம். விடிந்ததும், அவள் ஊற வைத்த அதே தானியத்தைச் சுமங்கலிகள் வந்து தெளிப்பார்கள். அவள் உள்ளே அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். மூன்றாம் நாள் முளை விட்டு நிற்கும் பாலிகையைப் பார்த்து எல்லோரும், "தெளித்த கை நல்ல கை" என்பார்கள். ஊற வைத்த கையைப் பற்றி யாரும் பேசினதில்லை.

வீட்டுக் கொல்லையை ஒட்டிக் குளக்கரையில் ஓர் இலுப்பை மரம் நின்றது. பாட்டனார் காலத்து மரம். 2018-ம் வருஷம் ஆடி மாதத்தில் அத்தை அதன் விதைகளை ஒரு படி அளவுக்குப் பொறுக்கி எடுத்தாள். சென்னைக்குப் பக்கத்தில் என் தமையன் மனை வாங்கியிருந்தான், தையில் கிருஹப்பிரவேசம். அந்த மண்ணிலும் நம் வீட்டு இலுப்பை ஒன்று நிற்கட்டுமே என்று அவளுக்கு ஆசை. வழக்கம்போல் கழுவி, வெயிலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, கண்ணாடி ஜாடியில் போட்டுத் துணியால் இறுகக் கட்டி வைத்தாள்.

அந்த நவம்பரில் கஜா புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் தென்னைகளெல்லாம் எப்படி விழுந்தன என்பது உங்களுக்குத் தெரியும். இலுப்பையும் வேரோடு சாய்ந்தது. இனி அந்த மரத்தின் வம்சம் என்று இருந்தது அத்தையின் ஜாடியில்தான்.

தையில் அவள் ஜாடியைத் திறந்து, அத்தனை விதையையும் ஊன்றினாள். வெந்நீர் போட்ட மாதிரி அல்ல, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி தண்ணீர் விட்டாள். ஒரு மாதம், இரண்டு மாதம். ஒன்று வரவில்லை. பந்துக்களில் ஓர் அம்மாள், குரலைத் தாழ்த்தத்தான் தாழ்த்தினாள், ஆனாலும் கேட்கும்படியாகவே சொன்னாள்: "அதை இவள் ஏன் தொட வேண்டும்? வேறு யாராவது ஊன்றியிருக்கக் கூடாதா?"

அத்தை கோபித்துக் கொள்ளவில்லை. "அவள் சொல்வது சரிதானேடி. என் கை அப்படி" என்றாள் என்னிடம். எழுபது வயதில், அத்தனை காலம் எத்தனையோ பேர் வீட்டுத் தோட்டத்துக்கு விதை கொடுத்த கையைத் தூக்கிப் பார்த்துக் கொண்டு, அப்படிச் சொன்னாள்.

அந்தச் சித்திரையில் பத்திரிகை வேலையாக ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் இதைக் கேட்டேன். அவர் சிரித்தே விட்டார். "இலுப்பையை ஜாடியில் போட்டு வைத்தீர்களா? நல்ல கதை! அது விழுந்த வாரமே மண்ணுக்குள் போக வேண்டுமே, அம்மா! தைக்கு வைத்திருந்து யார் போட்டாலும் வராது. நான் போட்டாலும் வராது" என்றார்.

"யார் போட்டாலும் வராது." இந்த மூன்று வார்த்தைகளையும் பொட்டலம் கட்டி எடுத்துக் கொண்டு ஊருக்குப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தை முழுக்கக் கேட்டாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படியானால் அது நான் போட்டதனால் இல்லையா?" என்றாள். "இல்லை, அத்தை" என்றேன். "விதைக்கு அவ்வளவு அவசரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!" என்றாள். அவ்வளவுதான்.

ஆடி பிறந்தது. பக்கத்து ஊர்ச் சிவன் கோவிலில் ஓர் இலுப்பை புயலுக்குத் தப்பி நின்றது. ராத்திரி வௌவால்கள் பழத்தைத் தின்று விட்டு விதையைக் கீழே உதிர்த்திருந்தன. விடியற்காலையில் போய்ப் பளபளவென்றிருந்த புது விதையாக இருபது பொறுக்கிக் கொண்டு வந்தாள் அத்தை. அன்று சாயங்காலத்துக்குள் ஊன்றியும் விட்டாள். பதினான்கு முளைத்தன! குரலைத் தாழ்த்திப் பேசின அம்மாளே ஒரு கன்று கேட்டு வந்தாள். அத்தை இரண்டாகக் கொடுத்து அனுப்பினாள். ஒன்று என் தமையன் வீட்டு வாசலில் இப்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. பாலிகை தெளிக்க மட்டும் அத்தையை இன்னும் யாரும் கூப்பிடவில்லை. விதைக்குத் தெரிந்த விஷயம் மனிதர்களுக்குத் தெரிய நாளாகும் போலிருக்கிறது.

சரி, வீட்டில் விதை கிடைத்தால் எப்படித் தெரிந்து கொள்வது? ஒரு கைக்கணக்கு சொல்கிறேன். எப்போதும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் பலிக்கும். காய்ந்த நெற்றுக்குள் கலகலவென்று ஆடும் விதை, வைத்திருக்கத் தகுந்தது. சதைப் பழத்துக்குள் கனமாக, பெரிதாக, நறுக்கினால் உள்ளே ஈரமாக இருக்கும் விதை, காத்திருக்காது. அதை அன்றைக்கே ஊன்றுங்கள். முடியாவிட்டால் ஈர மணலிலோ தேங்காய் நார்த் துகளிலோ புதைத்து, காற்றாட நிழலில் வைத்து, சில நாளைக்குள் மண்ணுக்கு அனுப்பி விடுங்கள். நாவல் கொட்டை ஒன்றைப் போட்டால் சில சமயம் இரண்டு மூன்று கன்று வரும். பயப்படாதீர்கள், அதன் சுபாவம் அது!

இரண்டுங்கெட்டான் ஒன்று உண்டு. அது நம் வேம்பு. ஆசாரமும் இல்லை, அடங்காப்பிடாரியும் இல்லை. ஆனி, ஆடியில் பழுக்கும்போது, மஞ்சள் தட்டின பழமாக எடுத்து, அன்றே சதையை நீக்கிக் கழுவி, நிழலில் மட்டும் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் போட்டு விடுவது உத்தமம். வெயிலும் ஆகாது, பிளாஸ்டிக் பையும் ஆகாது. துணிப் பையோ மண் சட்டியோ போதும். போன வருஷத்து வேப்ப விதையை வைத்து உருட்டின பந்தை மழைக் காலத்தில் வீசிவிட்டு, காடு வளரும் என்று காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஆசார விதையை வைக்கிற முறையில் நம் பாட்டிமார் சாஸ்திரமே சரிதான். நன்றாக உலர வேண்டும். குளிர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். ஹாரிங்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்கு ஒரு வாய்பாடே சொல்லியிருக்கிறார்: விதையின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வைத்திருக்கும் இடத்தின் உஷ்ணம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. காய்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் பல வருஷம் தாங்கும். நார்வே தேசத்தின் பனித் தீவில், ஸ்வால்பார்டு என்ற இடத்தில், 2008-ல் உலகத்துக்கே ஒரு விதைக் களஞ்சியம் திறந்தார்கள். மலைக்குள்ளே, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில், பல தேசத்துப் பயிர் விதைகளும் அங்கே தூங்குகின்றன. எந்தப் பிரளயம் வந்தாலும் நெல்லும் கோதுமையும் மறுபடி பிறக்கலாம்.

ஆனால் மாவுக்கும் பலாவுக்கும், சாலுக்கும் இலுப்பைக்கும் அந்தக் களஞ்சியத்தில் இடம் கிடையாது. உலர்த்தவும் முடியாத, உறைய வைக்கவும் முடியாத விதையை எந்தப் பெட்டியில் வைப்பது? கருவை மட்டும் நுணுக்கமாகப் பிரித்தெடுத்து, திரவ நைட்ரஜனில் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் வைக்கிற வித்தையைச் சில பரிசோதனைக் கூடங்களில் செய்கிறார்கள். தில்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வள நிலையத்திலும் அந்த வசதி இருக்கிறது. அது ஊர்தோறும் நடக்கிற காரியமா? இந்த மரங்களுக்கு உண்மையான களஞ்சியம் ஒன்றே ஒன்றுதான்: மண்ணில் வேரூன்றி நிற்கும் தாய் மரம். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஒரு புளிய மரத்தை வெட்டினால், யாராவது ஒரு வீட்டுச் சமையலறை டப்பாவில் அதன் கொட்டை மிச்சமிருக்கும். ஒரு பழைய இலுப்பையையோ நாவலையோ வெட்டினால், அந்த வருஷம் யாரும் அதன் விதையை ஊன்றாமல் இருந்தால், பின்னால் தேடி எடுக்க ஒன்றுமே இருக்காது.

ஆகையால், சகோதரிகளே, அடுத்த தடவை ஏதாவது ஒரு விதை முளைக்கவில்லை என்றால், கையைப் பார்க்காதீர்கள். விதை எந்த ஜாதி, எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். வேறு யாராவது ஒருத்தியின் கையைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் அதையே கேளுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் காலையில் பால் வாங்கப் போகும்போதோ கோவிலுக்குப் போகும்போதோ, தெருவில் நாவல் கொட்டைகள் மிதிபட்டுக் கிடக்கும். மதிலோரத்தில் வேப்பம்பழம் உதிர்ந்திருக்கும். நாலு எடுத்து முந்தானையில் முடிந்து கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், மண்ணில் ஊன்றி விடுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம். அவற்றுக்கு இன்றைக்கே நல்ல நாள்.